நேர்க்கோடு அண்ணனின் இரண்டு விளக்குகள்

வளைகுடா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் நேர்க்கோடு அண்ணனைப் போல ஒரு கிறுக்கரைப் பார்க்க முடியாது. அவரோடு ஒரே ரூமில் ஆறு வருஷம் இருந்தவன் என்ற முறையில் கர்வமாகவே சொல்கிறேன்.

ராஸ் அல் கைமாவில் எங்கள் கேம்ப்புக்குப் பக்கத்தில், கடலிலிருந்து உள்ளே காயலுக்குப் போகிற குறுகலான நீர்வழி. கரையில் இரண்டு பழங்கால விளக்குக் கோபுரங்கள். முன்னால் குட்டை, பின்னால் நெட்டை. கடலிலிருந்து வருகிறவனுக்கு இரண்டு வெளிச்சமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் வழி சரி, விலகினால் பாறை. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன்தான் அண்ணன். ராமநாதபுரத்துக்காரர்.

அந்த வித்தையைக் கோபுரத்தோடு விட்டாரா? நான் வந்த புதிதில் மெஸ்ஸுக்கு வழி கேட்டேன்.

"தண்ணி டேங்கையும் பள்ளிவாசல் மினாராவையும் ஒண்ணா சேத்துப் பாரு தம்பி. அப்படியே நட."

நடந்தேன். நடுவில் சாக்கடை இருந்தது. முழங்கால் சேற்றோடு வந்து நின்றவனிடம், "கோடு தப்பலைல்ல?" என்று கேட்டார், மகராசன்!

ஒருநாள் சாயங்காலம் மணல்காற்று. குட்டைக் கோபுரத்து விளக்கு உடைந்து விழுந்துவிட்டது. கடலில் ஒரு மீன்பிடி லாஞ்சு ஹாரன் அடித்தபடி தடுமாறுகிறது. அண்ணன் எங்கள் போர்மனின் புத்தம்புது போர்க்லிப்ட்டைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்க் குட்டைக் கோபுரத்தடியில் நிறுத்தினார். என்னை லீவரைப் பிடிக்க உட்காரவைத்து, வேலைத்தளத்துப் பெரிய லைட்டோடு வண்டியின் முன்னால் சுமை தூக்கும் பலகையில் ஏறி நின்றார்.

"தூக்குடா மேல!"

போர்மன் நாலரை அடி. குதித்துக் குதித்துக் கத்தினார். "எறங்குய்யா! லாஞ்சுக்காரங்கிட்ட வழி காட்டுற மிஷின் இருக்கு, பாத்துக்குவான். எறங்கலைன்னா நாளைக்கே உனக்கு விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிஞ்சுது!"

"பண்ணிக்க. மிஷின் இருக்கவன் எதுக்குய்யா இப்படி ஹாரன் அடிக்கிறான்?"

லீவரை இழுத்து அண்ணனை மேலே தூக்கினேன். அவர் அசையவில்லை. கண், மூக்கு, வாயெல்லாம் மணல். லாஞ்சு மெல்லத் திரும்பி, கோடு பிடித்து உள்ளே வந்தது. ஏழு பேர். கரையேறியதும் அதன் தலைவர் வந்து, எல்லாம் போர்மன் ஏற்பாடு என்று நினைத்து அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். விசா பேச்சு அத்தோடு போயிற்று.

போன மாதம் அண்ணன் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினார். ஏர்போர்ட் வாசலில் போர்மனை முன்னால் நிறுத்தினார், நெட்டையான என்னை அவருக்குப் பின்னால் நிறுத்தினார். எங்களையே பார்த்தபடி பின்னோக்கி நடந்து, இரண்டு டிராலிகளில் முட்டிக்கொண்டார்.

"என்னண்ணே இது, எல்லாரும் பாக்குறாங்க!"

"அசையாதடா. திரும்பி வரணும்னா வழி தெரிய வேணாமா?"

கதவு மூடிய பிறகும் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் அசையவில்லை.