என் காதும் இரண்டு கார்ட்ரிட்ஜ்களும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்கு இசை தெரியாது. எதில் போட்டுக் கேட்டால் இசை நன்றாக இருக்கும் என்பது மட்டும் தெரியும் (என்று நினைத்துக்கொண்டிருந்தேன்). சமைக்கத் தெரியாதவன் சட்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவானே, அந்த ஜாதி. அந்தப் பேச்சுக்குப் பயந்து திருப்பத்தூரில் என் தெருக்காரர்கள் எதிர்வரிசையில் நடக்க ஆரம்பித்து வெகுநாளாகிறது.

விஷயம் கார்ட்ரிட்ஜ். ரெக்கார்டு பிளேயரின் கை நுனியில் ஊசியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் சின்னஞ்சிறு சாமான். ரெக்கார்டின் பள்ளத்தில் ஊசி படும் பாட்டையெல்லாம் மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். சந்தவாசலில் மைக்செட் கடையை மூடிய சொந்தக்காரர் ஒருவர், பரணிலிருந்து இரண்டு பழைய கார்ட்ரிட்ஜ்களை எடுத்து எனக்கும் என் மச்சான் சேகருக்கும் சேர்த்துக் கொடுத்தார். ஒன்று வெள்ளி நிறம், ஜப்பான் சரக்கு. மற்றது கறுப்பு, எந்த நாடு என்று அதற்கே தெரியாது. ஆளுக்கு ஒன்று. யாருக்கு எது?

என் மாமனார் வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. எதைப் பங்கு போட்டாலும் மாப்பிள்ளைதான் முதலில் எடுக்க வேண்டும். எடுத்தால் எடுத்ததுதான். பிறகு மாற்றிக்கொள்ளும் பேச்சே கிடையாது. ஒரு வாய்ப்பு, ஒரே வாய்ப்பு. எனக்கு ஒரு வாரம் தூக்கமே வரவில்லை.

சேகர் என் மனைவி தேவியின் தம்பி. ஜமுனாமரத்தூரில் புளி வியாபாரம். முன்பக்கம் வீடு, பின்பக்கம் புளிக் குடோன். இந்த ரெக்கார்டு நோயை அவனுக்கு ஒட்டவைத்தவன் நானே. அவன் போனில் கூப்பிட்டான்.

"மாமா, உங்க தெருவுல பஸ் ஆரனுக்கு நடுவுல இன்னா கேப்பீங்க? மெஷினத் தூக்கிக்கினு மலைக்கி வாங்க. இங்க ஈ பறந்தாகூட கேக்கும்."

பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், குட்டித் தராசு, தேவி (இதே வரிசையில்தான் காரில் ஏற்றினேன், அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்) என்று மலையேறினோம். சேகர் வீட்டு நடுக்கூடத்தில், பின்சுவரை ஒட்டி மேசை போட்டுக் கடையை விரித்தேன். ஊசி ரெக்கார்டின் மேல் எவ்வளவு பாரத்தோடு உட்கார வேண்டும் என்பதை அந்தத் தராசில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தேன்.

"இன்னா மாமா, தாலிக்குப் பொன்னு நிறுக்கறாப்ல நிறுக்கறீங்க?" என்றான் சேகர்.

"நீயெல்லாம் புளிய மூட்டையா நிறுக்கறவன். உனக்கு இது புரியாது மச்சான்."

முதலில் வெள்ளி. ஒரு புல்லாங்குழல் ரெக்கார்டை வைத்தேன். வீடு நிசப்தம். அடடா! குழல்காரர் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. சாதாரண மனிதன் அங்கேயே எழுந்து, "இது எனக்கு" என்று சொல்லியிருப்பான். நான் நிபுணன் அல்லவா? உதட்டைப் பிதுக்கி, "சுத்தமாத்தான் இருக்குது. ஆனா சதை இல்லை" என்றேன்.

அடுத்து கறுப்பு. குழல் கொஞ்சம் மந்தமாகத்தான் வந்தது. ஆனால் அதற்கு அடியில்... தும். தும். தும்-தும். பூமிக்குள்ளிருந்து யாரோ மிருதங்கம் வாசிப்பதுபோல ஒரு நாதம்! உள்ளங்காலில் ஏறி நெஞ்சில் இடித்தது. நான் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன்.

"தேவி! ஓடி வா! கீழ தும் தும்முனு வருது பாரு!"

தேவி நின்று கேட்டாள். "வருது. ஆனா இந்த ரெக்கார்டுல இது இருந்ததில்லியே?"

"இருந்துச்சு! எடுக்கத்தான் நம்ம ஊசிக்குத் தெம்பில்லை. இத்தனை நாளா பள்ளத்துக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருந்த ஆளை இந்தக் கறுப்பன் வெளியே இழுத்துட்டான்!"

கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டேன். தாளம் அவ்வப்போது தப்பியது. அதையும் விடாமல், "ஆகா, என்ன கணக்கு! பெரிய வித்வான்!" என்று சிலிர்த்தேன். சேகர் டீ டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. இசையில் உருகிவிட்டான் என்று நினைத்தேன்.

"கறுப்பே போதுமா மாமா? நல்லா ரோசன பண்ணிக்கங்க."

"ரோசனைக்கு இன்னா இருக்குது? கறுப்புதான் எனக்கு."

"அப்ப வெள்ளிய நான் எடுத்துக்கவா?"

"தாராளமா எடுத்துக்கோ. உன் காதுக்கு அது போதும்."

வெள்ளி அவன் சட்டைப்பைக்குள் போன வேகத்தைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ரெக்கார்டு முடிந்தது. ஊசியைத் தூக்கினேன். குழல் நின்றது.

தும். தும். தும்-தும்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். தும். பிளக்கைப் பிடுங்கினேன். தும்-தும். வித்வான் அசரவில்லை.

சேகரின் மனைவி மலர் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணா, டீ குடிச்சிட்டு வந்து மறுபடி புளி அடிக்கறாங்க. தொந்தரவா இருந்தா செத்த நேரம் நிறுத்தச் சொல்லட்டுங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம், குடோனில், வரிசையாக உட்கார்ந்து கட்டையால் புளியை அடித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தரை. அந்த அடி சுவரேறி, மேசைக்கு வந்து, ஊசிக்குள் புகுந்து, என் ஸ்பீக்கர் வழியாக மிருதங்கமாகி என் நெஞ்சில் இடித்திருக்கிறது. வெள்ளி பாடியபோது அவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சேகர் தரையில் உருண்டான்.

"மச்சான், இது செல்லாது. மறுபடி கேட்டுட்டு..."

"எடுத்தா எடுத்ததுதான் மாமா. வூட்டு வழக்கம்."

தேவியைப் பார்த்தேன். "பெரிய வித்வானாச்சே, கூட்டிக்கினு போங்க" என்றாள். ஆபத்தில் தம்பி பக்கம் சாய்வதும் அந்த வீட்டு வழக்கம்தான் போலிருக்கிறது.

திருப்பத்தூருக்கு வந்து கறுப்பைப் போட்டுக் கேட்டேன். குழல்காரர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளேயிருந்து வாசித்தார். இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எதை அவசரப்பட்டுப் புகழ்ந்தாலும், அது மாப்பிள்ளை பையனானாலும் புது மிக்ஸியானாலும், "ஊசியத் தூக்கிட்டுச் சொல்லு" என்கிறார்கள். என் மகள் போன மாதம் அதை என் சமையலுக்கே சொன்னாள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை. நேற்று மானத்தை ஓரமாக வைத்துவிட்டு சேகருக்குப் போன் செய்தேன். "மச்சான், ஒரே ஒரு வாரம் அந்த வெள்ளியக் குடு. கறுப்புல பேஸே, அந்த தும் தும்மே, வரமாட்டேங்குது."

"புளி அனுப்பறேன் மாமா, அடிச்சிக்கினே கேளுங்க."