படகை மறித்த தேடல்

நெடுந்தீவு,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய அத்தான் மயில்வாகனம் அவர்களுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். கனடாக் குளிரில் நீங்களும் அக்காவும் நலமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். சுகம் விசாரிப்பு இத்துடன் போதும். இது வெற்றிக் கடிதம்.

எங்கள் படகுச் சங்கத்துக்கு என் மகள் நிமலினி கணினியில் செய்துகொடுத்த பயணிகள் பதிவை, "பெட்டையின்ர விளையாட்டு" என்று போனமுறை தொலைபேசியில் சொல்லிச் சிரித்தீர்கள். அது கொஞ்சம் சுணங்கியது உண்மைதான். படகு வெளிக்கிட முன்னர் பட்டியலைக் கேட்டால் முக்கால் மணித்தியாலம் தேடும். யாராவது பொறுமையிழந்து அணைத்துப் போடுவார்கள்; ஏன் சுணங்கியது என்ற தடயமும் அதோடு போய்விடும். நேற்றுக் காலை இறங்குதுறையில் சங்கத் தலைவர் சிவகுரு தீர்ப்பே சொல்லிவிட்டார். "இண்டைக்கும் சுணங்கினா நாளையிலயிருந்து பழையபடி கொப்பியில எழுதுறதுதான். பிள்ளை வீட்டை போகலாம்." சொல்லிக்கொண்டே கணினியின் வயரைப் பிடுங்கக் குனிந்தார். நான் பாய்ந்து கையைப் பிடித்து, "அண்ணை, ஓடுறதை நிப்பாட்டாதேங்கோ!" என்று கத்தினேன். (கத்தச் சொன்னது நிமலினி, கத்தியது நான்.) அவள் பக்கத்துக் கணினியிலிருந்து ஒரு கட்டளை கொடுத்தாள். ஓடிக்கொண்டிருந்த அந்தத் தேடல், நிற்காமலே, தான் எந்த வழியால் போகிறதென்று பதிவுக் கோப்பில் எழுதிவைத்தது! கள்ளன் கையும் களவுமாகப் பிடிபட்டான், அத்தான். ஒவ்வொரு பயணிக்கும் தகப்பன் யார், தகப்பனின் தகப்பன் யார், பூட்டன் யார் என்று பார்க்க, வெளிநாடு போனவர்கள் உட்பட பதினோராயிரம் பேரையும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தது. "உதையெல்லாம் ஆர் கேக்கச் சொன்னது?" என்றார் சிவகுரு. "பேர் மட்டும் போதுமோ, ஆரின்ர பிள்ளை எண்டு தெரிய வேண்டாமோ?" என்று ஆரம்பத்தில் நிமலினியிடம் அடம்பிடித்தவன் நான்தான். அதை அந்த இடத்தில் சொல்லத் தேவையில்லை என்று கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தகப்பன் பெயர்களுக்கு அகரவரிசையில் ஓர் அட்டவணை போட்டாள். பட்டியல் கண்மூடித் திறக்க முன்னர் வந்துவிட்டது. சனம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பிள்ளை கெட்டிக்காரி! இந்த வரியை அக்காவுக்கு உரத்து வாசித்துக் காட்டவும்.

அம்மன் அருளால் உங்கள் முழங்கால் நோ குறையட்டும்.

இப்படிக்கு,
நிமலினியின் தகப்பன்,
தம்பிஐயா.

பி.கு.: இன்று காலை படகு முதல்முறையாகச் சரியான நேரத்துக்கு வெளிக்கிட்டது. பெயரைக் கொடுத்துவிட்டு ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துப் பழகிய சனம் முழுவதும் படகைத் தவறவிட்டுக் கரையில் நின்றது. முன்வரிசையில் சிவகுரு. நிமலினியின் வேலைக்கு இனிப் பயமில்லை. பதிவைப் பழையபடி சுணங்க வைத்துத் தரும்படி சங்கம் ஏகமனதாகக் கேட்டிருக்கிறது.