காதுகுத்துக்கு வந்து சேர்ந்த விவாதம்

உலகத்திலேயே பெரிய தைரியசாலி யார் என்று என்னைக் கேட்டால், பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சி மாணவன் என்பேன். எதிரில் ஆள் கிடையாது, அடி விழாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அப்படியொரு தடுப்புக்குள் உட்கார்ந்து நான் தமிழ்நாட்டின் வடக்கு எல்லையைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். (யாரும் என்னை அந்த வேலைக்கு வைக்கவில்லை.)

அப்போது வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். தென்னிந்திய வரலாறு பற்றி ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. ஒருவர் எழுதினால், குழுவை நடத்துபவர் பார்த்துவிட்டு எல்லோருக்கும் அனுப்புவார். பல நாட்டுப் பேராசிரியர்கள் அதில் இருந்தார்கள், எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகையிலிருந்து நான் ஒருவன்தான். அந்தப் பெருமையில் என் ஒவ்வொரு மடலுக்கும் கீழே பெயர், ஊர், வட்டம், மாவட்டம் எல்லாம் தானாக வரும்படி செய்து வைத்திருந்தேன். யாராவது வெளிநாட்டுக்காரர் வீட்டுக்கே கடிதம் போட மாட்டாரா என்ற நப்பாசை.

ஒருநாள் சித்தூர் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எழுதினார்: திருத்தணி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக்குள் புழங்கின, எல்லைக்கோடு பிற்பாடு வந்ததுதான் என்று. அதில் தப்பே இல்லை. அன்று காலைதான் அப்பாவிடம், "நைனா, சைக்கிள் சாவி எங்க?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்; 'நைனா' தெலுங்குச் சொல். என் அக்காவைக் கொடுத்திருந்ததே பள்ளிப்பட்டைத் தாண்டி, ஆந்திராவில், தெலுங்கு பேசும் வீட்டில். ஆனாலும் தடுப்புக்குள் உட்கார்ந்ததும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. இந்த மண்ணில் தெலுங்கு பேசுகிறவர்கள் விருந்தாளிகள், வீட்டுப் பத்திரத்தில் பங்கு கேட்கக் கூடாது என்று பொரிந்து தள்ளினேன்.

பனி பெய்யும் தேசங்களில் இருந்த மூன்று தமிழர்கள் என்னைப் பாராட்டி எழுதினார்கள். தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் சித்தூர்க்காரர் நிதானமாகக் கேட்டார்: "உங்கள் குடும்பத்தில் எப்படி?" மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! "எங்கள் சொந்தபந்தத்தில் தெலுங்கு பேசுபவர் ஒருவர்கூடக் கிடையாது" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அந்த ஒரு வரியில் நான் இல்லாமல் ஆக்கியது என் பாவாவை, அதாவது அக்காவின் கணவரை. நான் எம்.ஏ. படிக்க வேண்டாம், நிலத்தைப் பார்த்தால் போதும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தபோது, பஸ் மாறி வந்து இரண்டு நாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, "படிக்கட்டும் மாமா, நாத்து நட நான் ஆள் அனுப்புறேன்" என்று சொல்லி, சொன்னபடியே அனுப்பியவர் அவர்.

மூன்று மாதம் கழித்து அக்கா மகனுக்குத் திருத்தணி மலையில் மொட்டை, காதுகுத்து. எங்கள் பக்கம் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்த இடத்தில் அப்பனுக்குக்கூட வேலை இல்லை, மாமன்தான் ராஜா. எனக்கு இருந்தது ஒரே அக்கா. புது வேட்டி கட்டிக்கொண்டு, கம்மலும் பட்டுச் சட்டையும் வைத்த தாம்பாளத்தோடு மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பாவாவின் அண்ணன் தெலுங்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் பையிலிருந்து ஒரு தெலுங்குச் சிற்றிதழை எடுத்தார். சித்தூர்க்காரர் எங்கள் விவாதத்தை மொழிபெயர்த்து அதில் போட்டிருந்தார். கீழே என் பெயர், ஊர், வட்டம், மாவட்டம்.

வாத்தியார் அந்த வரியை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்டின்னா நாங்கல்லாம் யாரு பா?" என்று கேட்டார்.

"அது அகாடமிக் டிஸ்கஷன்ங்க" என்றேன். (இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

"இன்னா டிஸ்கஷனோ, சீக்கிரம் முடிங்க. இன்னும் நாலு கொயந்த காத்துகினு கீது" என்றார் காது குத்துபவர்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா பாவாவின் கையைப் பிடித்து, "இவன் எழுதினது தப்புதாங்க. இன்னைக்கு சண்டை வேணாங்க" என்றாள். பாவா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"சொந்தமே இல்லாத புள்ளைய நீ எதுக்கு பா மடியில வச்சிகினு சிரமப்படணும்?" என்றார். குழந்தையைத் தூக்கித் தன் அண்ணன் மடியில் உட்கார வைத்தார். நான் தாம்பாளத்தோடு எழுந்து தூண் ஓரமாக நின்றேன்.

மறுநாளே பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். குழுவில் எல்லையை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். என்னைப் பாராட்டிய மூன்று பேரும் வேறு ஏதோ விஷயத்துக்காக ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். என் அக்கா வீட்டுக்காரர் தெலுங்கு பேசுபவர், நான் எழுதியது பொய், மன்னிக்கவும் என்று ஒரு மடல் எழுதினேன். குழுவை நடத்துபவர் அதை வெளியிடாமல் திருப்பி அனுப்பினார். சொந்த விஷயங்கள் குழுவின் தலைப்புக்குள் வராதாம்.

பாவா வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். "உள்ள வா" என்றார், சாப்பாடு போட்டார். ஆனால் பேச்சு பழையபடி ஆக ஆறேழு வருஷம் பிடித்தது. இப்போது எந்த விசேஷத்திலும் எனக்கு இலை போடும்போது, "இரு, இவன் நம்ம சொந்தமான்னு கேட்டுகினு போடு" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா மகன் தாம்பாளத்தோடு நான் நின்றதை நடித்தே காட்டுவான். பாவா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். எல்லோரையும்விட நான்தான் அதிகமாகச் சிரிப்பேன்.

கதையில் ஒன்றை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை. அவனுக்கும் அது தெரியாது. ஊசி குத்தியதும் அவன் வீறிட்டு அழுதுகொண்டே, பெரியப்பா மடியிலிருந்து என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினான்.