உச்சி வெயிலில் ஒரு ஸ்பிரிட் அடுப்பு

இனிமேல் காப்பிக்கும் கஞ்சிக்கும் பெண்டாட்டி தயவை எதிர்பார்ப்பதில்லை என்று ஆட்டுத் தரகன் கூத்தையா முடிவு கட்டினான். ஆடி மாதம், சனிக்கிழமை, பல் விளக்கிய கையோடு. அந்த முடிவுக்கு வேண்டிய சாமான் இரண்டு நாளாக ஒரு சாக்குப் பைக்குள், வைக்கோல் படப்பில் ஒளிந்து கிடந்தது. இப்போது முற்றத்துக்கு வந்தது.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைக் கிண்ணம். பாத்திரம் வைக்க மூன்று கால். சுற்றி நிறுத்த, மடக்கி விரிக்கும் ஒரு தகரத் தடுப்பு. பக்கத்தில் ஒரு குப்பி ஸ்பிரிட்.

"ஏ ராக்கு, இங்கன வா. இது என்ன தெரியுதா?"

ராக்கு எட்டிப் பார்த்தாள். "கொசு குடித்தனம் பண்ணுற அடுப்பா?"

"வெள்ளைக்காரப் பட்டாளத்து அடுப்புடி! இதை வச்சுத்தான் சண்டையிலயே ஜெயிச்சான்."

"ஜெயிச்சவன் அடுப்பை ஏன் போட்டுட்டுப் போனான்?"

கூத்தையாவுக்குச் சுர்ரென்றது. பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் இதை எடுத்தவர் கீழக்கரை காதர் மைதீன், கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இரண்டு கிடாக்குட்டி கேட்டார். கூத்தையா மூன்று மணி நேரம் கத்தி, காது அறுந்த ஒரே குட்டிக்கு முடித்தான். அந்தி நேரத்தில் அவர் பற்ற வைத்துக் காட்டியபோது நீலத் தீ மயில் கழுத்து மாதிரி ஆடியது. அதைப் பார்த்துத்தான் மயங்கினான்.

காரணம் இருந்தது. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு வருசா வருசம் ஆடு ஏற்றிக்கொண்டு போய்ப் பத்து நாள் கடற்கரையில் தங்குவான். "நானும் வாரேன், கடலை ஒரு தடவை பாத்துக்கிறேன்" என்று ராக்கு பதினெட்டு வருசமாகக் கேட்கிறாள். முதுகுளத்தூரில் பிறந்து முதுகுளத்தூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். கண்மாய்க்கு மேல் பெரிய தண்ணீரைக் கண்டதில்லை. "உன்னை ஏத்துவேனா, உன் விறகையும் சட்டி பானையையும் ஏத்துவேனா?" என்று அடக்கி வைத்திருந்தான். போன வருசம் கண்டதைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பியதில் அந்தப் பேச்சு எடுபடாமல் போய்விட்டது.

"இனி விறகு வேணாம். ஊதாங்குழல் வேணாம். நீயும் வேணாம். எத்தனை பேர் வந்தாலும் ஒத்தையாளா நானே காப்பி போடுவேன்!"

"கடக்கரைக் காத்துல எரியுமா?"

"தகரம் பின்ன எதுக்கு?"

"அப்போ இன்னைக்கு உச்சிப்பொழுதுல, வெட்டவெளியில வச்சுக் காட்டுங்க. எரிஞ்சா நீக தனியாப் போங்க. அணைஞ்சா நான் வாரேன்."

"அணைஞ்சுச்சுன்னு யார் சொல்றது? நீ இப்பவே அணைஞ்சுச்சும்ப."

"நான் வாயே தொறக்கலை. அணைஞ்சு போச்சுன்னு உங்க வாயால சொன்னாத்தான் நான் வண்டியில ஏறுவேன். போதுமா?"

கூத்தையாவுக்குச் சிரிப்பு முட்டியது. வழக்காடுகிறவனே தீர்ப்பும் சொல்லலாம்! முப்பது வருசத் தரகில் இப்படி ஒரு பேரம் வாய்த்ததில்லை.

"துண்டைப் போடுங்க" என்றாள் ராக்கு.

ஆட்டுச் சந்தையில் பேரம் துண்டுக்கு அடியில்தான் முடியும். சாட்சி பார்க்க விரலைப் பிடித்துவிட்டால் அப்புறம் மாற்றில்லை. மாற்றினவன் துண்டுக்குள் எவனும் கை விடமாட்டான். அவன் பிழைப்பு அதோடு சரி. குட்டியை ஓட்டிப் போக வந்த காதர் மைதீனே சாட்சி. துண்டுக்குள் ராக்குவின் ஆள்காட்டி விரலில் துணிச்சுற்று தட்டுப்பட்டது.

"இது என்ன?"

"அருவாமனை" என்றாள்.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. கூத்தையா கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றினான். ஏழு தீக்குச்சி காற்றுக்குப் போனது. தகரத்தைச் சுற்றி நிறுத்தி, வேட்டியை விரித்து மறைத்து, எட்டாவதை உள்ளே விட்டான். சட்டென்று தண்ணீர்ச் செம்பை மேலே வைத்து மூடி போட்டான்.

நின்றான். உட்கார்ந்தான். எழுந்து வேப்பமரம் வரை நடந்தான். திரும்பி வந்து குனிந்தான். தகரத்துக்குள் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. வெறும் வெயில்.

காதர் மைதீன் தொண்டையைச் செருமினார். "மச்சான், அது வந்து, பகல்ல..."

"நீரு சும்மா இரும்!"

ராக்கு வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கூத்தையாவும் பல்லைக் கடித்துக்கொண்டான். சொல்லாத வரை தோல்வியில்லை. சாயங்காலம் வரை வேண்டுமானாலும் நிற்கலாம்.

அப்போதுதான் ராக்கு தொழுவத்தில் இருந்த காதறுந்த கிடாக்குட்டியை அவிழ்த்து, கயிற்றைக் காதர் மைதீன் கையில் கொடுத்தாள். குட்டி 'மே' என்றது.

கூத்தையாவுக்குக் கண் இருண்டது. எரியாத தகரத்துக்கு எரிகிற விலையா?

"விடும்யா கயித்தை! என் குட்டியைத் திருப்பிக் குடும்!"

"ஏன் மச்சான்?"

"ஏனா? ஓட்டை அடுப்பை என் தலையில கட்டிப்புட்டு ஏன்னு கேக்குறீரா?"

"அடுப்புக்கு என்ன? நல்லாப் பாத்துச் சொல்லும்."

"என்னத்தைப் பாக்க? அணைஞ்சு போச்சு! செத்துப் போச்சு! கருமாதிதான் பாக்கி!"

"அண்ணே, கேட்டீகளா?" என்றாள் ராக்கு.

"ரெண்டு காதாலயும் கேட்டேன் தங்கச்சி."

அந்த நேரம் பார்த்து, செம்பின் மூடி கடகடவென்று ஆடியது. ஆவி பீறிட்டு வந்தது. கூத்தையா பாய்ந்து போய்த் தகரத்துக்குள் விரலை விட்டான். ஊர் திரும்பிப் பார்க்கும்படி அலறினான்.

"எரியுதுடி! அணையலைடி!"

"அது அடுப்பு பாடு. நான் துண்டுக்குள்ள பேசினது உங்க வாயைப் பத்தி." ராக்கு தன் விரல் துணியைப் பிரித்தாள். கொப்புளம் பளபளத்தது. "ஸ்பிரிட்டுத் தீ வெயில்ல கண்ணுக்குத் தெரியாது. நேத்து நீக சந்தைக்குப் போனப்ப, படப்புக்குப் பின்னால நானும் உங்களை மாதிரியே கையை விட்டேன்."

காதர் மைதீன் குட்டியை ஓட்டிக்கொண்டு நடந்தார். எரிகிற அடுப்புக்கு எதற்குத் திருப்பித் தருவார்?

"சரி, தொலை. வா" என்று உறுமினான் கூத்தையா. "ஆனா பத்து நாளும் நீதான் ஆக்கணும்."

"நான் எதுக்கு? விறகு வேணாம், ஊதாங்குழல் வேணாம், நான் வேணாம். காலையில நீகதானே சொன்னீக?"

அடுத்த வாரம் ஏர்வாடிக் கடற்கரையில், நடுப்பகலில், அலை வந்து நனைக்கும்படி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் ராக்கு. எதிரே அத்தனை தண்ணீர். திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"ஏங்க, அடுப்பு எரியுதா பாருங்க. கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாப் போடுங்க."

கூத்தையா தகரத்தின் முன் குத்தவைத்தான். வலது கை விரல் நாலிலும் துணி சுற்றியிருந்தது. மிச்சமிருந்த விரலை நீட்டினான்.