சந்தகைக்காக ஒரு பொய்

இனிமேல் உப்புமா சாப்பிடுவதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீனதயாளன் முடிவெடுத்தார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் அவர் மேஸ்திரி. பன்னிரண்டு சக்கர லாரிக்கு எத்தனை அடி பலகை வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும் அவருக்கு வாய் ஒட்டிக்கொள்ளும்.

கேட்பது அவர் மனைவி தெய்வநாயகி. தினமும் ஆறே முக்காலுக்கு, அவர் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதுமே சமையலறைக்குள்ளிருந்து குரல் வரும்.

"ஏனுங்க, ராத்திரிக்கு என்ன செய்யறது?"

"எதாச்சும் செய்யி."

"எதாச்சும்னா?"

"உனக்கு எது சுளுவோ அது."

சுளுவானது உப்புமா. அதற்கடுத்த சுளு, தோசை. தோசை மாவு தீர்ந்த நாளில் முட்டை. இந்த மூன்றும் மாறி மாறி வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால், தை மாதத்தில், ஒரே மகள் தனப்பிரியா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கினாள். அவளோடு வீட்டுச் சமையலும் பாதி பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டது. குறிப்பாக, சந்தகை போய்விட்டது.

சந்தகை என்றால் தீனதயாளனுக்கு உயிர். புழுங்கலரிசியை ஊற வைத்து, ஆட்டி, இட்லியாக அவித்து, ஆவி அடங்குவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஒருத்தர் சூட்டோடு இட்லியைப் போட்டுக்கொண்டே இருக்க, இன்னொருத்தர் மேலே கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் நூல் நூலாக இறங்கும். பாதிக்கு எலுமிச்சை தாளிப்பு, பாதிக்கு வெல்லம் போட்ட தேங்காய்ப்பால். அம்மா போட, மகள் சுற்ற, அவர் தட்டோடு உட்கார்ந்திருப்பார். பதினைந்து வருஷ ஏற்பாடு அது.

மாசி மாதத்தில் ஒருமுறை வாயைத் திறந்து கேட்டும் பார்த்தார்.

"சந்தகை செய்யலாமா புள்ள?"

தெய்வநாயகி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "சுத்தறதுக்கு ஆளு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு, பூட்டிக் கிடந்த மகளுடைய அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு உப்புமாவில் உப்பு இல்லை. வெறும் மா மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஆனால் பட்டறையில் வெல்டிங் கம்பி நெருப்பு நூலாக இறங்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கில் தேங்காய்ப்பால் ஊறும்.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அங்கமுத்துவிடம் மனதைத் திறந்தார். அங்கமுத்து ரிக் வண்டி டிரைவர். வடநாட்டில் போர்வெல் போட்டுவிட்டு ஒரு மாத லீவில் வந்திருந்தார்.

"நீங்க கேட்டா கெடைக்காது மாப்ளே," என்றார் அங்கமுத்து. "புள்ள வருதுன்னு சொல்லிப் பாருங்க. அடுப்பு தானா எரியும்."

"வரலையே."

"வருதுன்னு சொல்லுங்க. சந்தகையைச் சாப்பிட்டுட்டு, லீவு கெடைக்கலையாமான்னு சொல்லிப்போடுங்க."

"பொய் ஆயிருமே."

"பாதிப் பொய்தானுங்க. என்னைக்காச்சும் ஒரு நாள் வரத்தான போவுது."

அந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு தீனதயாளன் வீட்டுக்குள் போனார். வழக்கமான குரல் வந்தது.

"ஏனுங்க, ராத்திரிக்கு என்ன செய்யறது?"

"இன்னைக்கு எதாச்சும் செய்யி. ஞாயித்துக்கெழம ராத்திரிக்குத்தான் நல்லதா செய்யோணும். பிரியா வாரா."

தெய்வநாயகி சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள். "நெசமாலுமா?"

"உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சொன்னா. திடீர்னு வந்து நிக்கோணுமாமா. நீ போன் பண்ணிக் கெடுத்துராத."

"நான் எதுக்குங்க பண்றேன்," என்றாள் அவள். அந்த முகத்தில் ஏழு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. தீனதயாளனுக்கு உள்ளே எங்கேயோ ஒரு மறை கழன்ற மாதிரி இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் அவள் கேட்டாள்.

"சந்தகை செஞ்சிறலாமுங்களா? அவளுக்குப் புடிக்குமே."

"செய்யி, செய்யி," என்றது அவர் வாய், மனசைக் கேட்காமலே.

ஒன்றை மட்டும் அவர் மறந்துவிட்டார். தெய்வநாயகி போன் பண்ணமாட்டாள், சரி. மகள் தினமும் எட்டு மணிக்குத் தானாகவே பண்ணுவாள். அன்றைக்கும் பண்ணினாள். தீனதயாளன் அப்போது குளித்துக்கொண்டிருந்தார், பாட்டு வேறு.

சனிக்கிழமை தெய்வநாயகி நான்கு படி அரிசி ஊற வைத்தாள். மூன்று பேருக்கு நான்கு படியா என்று அவர் கேட்டதற்கு, "புள்ள இளைச்சிருப்பாளுங்க," என்றாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிரைண்டர் ஓடியது.

"ராத்திரிக்குத்தான வாரா. இப்பவே எதுக்கு?"

"மத்தியானம் கரண்டு இருக்காதாமா. வாங்க, வந்து சுத்துங்க."

"நானா?"

"பின்ன? சுத்தறவ ராத்திரிக்குத்தான வாரா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அச்சுக்கு முன்னால் நின்றார். முதல் பத்து இட்லி உற்சாகமாகவே இறங்கியது. இருபதாவது இட்லியில் தோள்பட்டை பேச ஆரம்பித்தது. நாற்பதில் முதுகும் சேர்ந்துகொண்டது. எத்தனையோ லாரிக்கு பாடி கட்டியவர், சொந்த பாடியின் போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழல்வதைக் கேட்டுக்கொண்டே சுற்றினார். பிழை செய்தவன் பிழியத்தான் வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க, சூடு ஆறுனா எறங்காது."

"ஒரு வாய் ருசி பாக்கறனே."

"புள்ளைக்கு முன்னாடியா?" என்றாள் தெய்வநாயகி. அதற்கு மேல் எந்த அப்பன் கை நீட்டுவான்?

நூறு இட்லிக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டார். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் தாளித்த வாசம் வீடு முழுக்கச் சுற்றியது. அவருக்கு அந்த வாசத்தில் மகள் சின்ன வயதில் கைப்பிடி எட்டாமல் முக்காலி போட்டு ஏறி நின்று சுற்றியது ஞாபகம் வந்தது. கை வலி கொஞ்ச நேரம் மறந்தே போனது. பாவம், அவள் அங்கே ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறாளோ என்று நினைத்தார்.

பத்தரை மணிக்கு முடிந்தது. கட்டிலில் சாய்ந்தவர் பதினொன்றுக்குக் கண் விழித்தபோது, தெய்வநாயகி ஊருக்குப் போகிற புடவையில் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் மூன்று தூக்குப்போசி நிறையச் சந்தகை, ஒரு பை, பைக்குள் இரண்டு தேங்காய்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஓசூருக்குங்க. சேலத்துல பஸ் மாறுனா நாலு மணிக்கெல்லாம் போயிரலாம்."

தீனதயாளன் எழுந்து உட்கார்ந்தார். "பிரியா இங்க வாராளே."

"வரலைங்க. வெள்ளிக்கெழம எட்டு மணிக்கே சொல்லிட்டா."

தீனதயாளன் வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சுமா என்னைச் சுத்தச் சொன்ன?"

"சந்தகை கொண்டாரேன்னு புள்ளைகிட்ட சொல்லிப்போட்டேனுங்க. சுத்தறதுக்கு ஆளு வேணுமில்ல?" அவள் கோபப்படவில்லை. புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "மூணு மாசமா, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாமுங்கன்னு நானுங் கேக்கறேன். லோடு இருக்குது, டெலிவரி இருக்குதுன்னே சொன்னீங்க. இன்னைக்குக்கூட சாயங்காலம் புது வண்டிக்குப் பூசை இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னது உண்மை. பூசை இருப்பதும் உண்மை. இந்த மூன்று நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதுவே அவரைக் கட்டிப் போட்டது. நானும் வாரேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

"எனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"புதன்கெழம வந்துருவேனுங்க," என்றாள் தெய்வநாயகி. அவர் கேட்டது சந்தகையை. அவள் பதில் சொன்னது தன்னைப் பற்றி. எதைக் கேட்டோம் என்று அவருக்கே பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

வண்டியில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, போசியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனாள். பஸ் மறையும் வரைக்கும் நின்றிருந்தார்.

பூசை முடிந்து ஆறே முக்காலுக்கு வண்டியை நிறுத்தினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குரல் வராமல் வீட்டுக்குள் நுழைவது, அளவு தெரியாமல் பலகை அறுக்கிற மாதிரி இருந்தது. சமையலறையில் போய் நின்று, ராத்திரிக்கு என்ன செய்வது என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பிரிட்ஜைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார். ரவை எந்த டப்பாவில் என்று தெரியவில்லை. இந்தக் கேள்வியை ஒருத்தி தினமும் தனியாகவா சுமந்தாள் என்று தோன்றியது.

மேடையில் அச்சு கழுவாமல் கிடந்தது. உள்ளே ஒட்டியிருந்ததைக் கரண்டிக் காம்பால் சுரண்டினார். ஒரு கைப்பிடி தேறியது. சர்க்கரை தொட்டு நின்றபடியே தின்றார். காய்ந்துபோயிருந்தது. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் தின்றார்.

ஏழு மணிக்கு வீடியோ கால் வந்தது. திரையில் தனப்பிரியா. அவளுக்குப் பின்னால் தட்டோடு நான்கைந்து பெண்கள்.

"அப்பா, நீங்களே சுத்துனீங்களாமா? அம்மா சொன்னாங்க. இத்தன சீரா நூல் எனக்கே வராதுங்கப்பா."

"சாப்பிடு சாமி," என்றார். "உனக்குத்தான் சுத்துனேன்." சொல்லிவிட்டுப் பார்த்தால், அது பொய்யாகத் தெரியவில்லை. மகள் இளைத்துத்தான் இருந்தாள். திரையைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வந்து பார்த்தார். "அடுத்த தடவ அப்பனும் வாரேன் கண்ணு. எந்த வேலை கெடந்தாலும் சரி."

போன் கை மாறியது. தெய்வநாயகியின் முகம் வந்தது. தூரத்தில் இருக்கிறாள் என்பதாலோ என்னவோ, அவளை அப்படிப் பார்த்து ரொம்ப நாள் ஆன மாதிரி இருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"ம்ம். நீ சீக்கிரம் வா புள்ள."

"வாரேனுங்க. ஏனுங்க, நீங்களும் வரப்போறதாச் சொன்னது கேட்டுதுங்க. ரொம்ப நல்லதாப் போச்சு. இங்க ஆஸ்டல்ல மத்த புள்ளைங்களும் கேக்குதுங்க, அடுத்த ஞாயித்துக்கெழம இருவத்தஞ்சு பேருக்குக் கொண்டாரோம்னு சொல்லிப்போட்டேன். அரிசியை நான் ஊற வெச்சுக்கறேன், நீங்க கைக்கு மட்டும் தைலம் வாங்கி வெச்சுக்குங்க."