சேட்டுப் பொக்கற்றில் உருகிய காலியம்

போன வருசம் பங்குனி வெயிலுக்குள் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. கொழும்புப் பஸ்ஸில் வரும் ஒரு சின்னப் பெட்டியைக் கோப்பாய்ச் சந்தியில் வாங்கி, மகளின் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது.

ஒரு கோழிக்குஞ்சிடம் கொடுத்தாலும் செய்துவிடும்.

மகள் வதனி இரசாயனவியல் ரீச்சர். அன்று பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. ஆய்வுகூடத்து நீள மேசை ஒன்றில் உலோகங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மட்டை நிறுத்தியிருந்தாள். மட்டையில் பெயர், குறியீடு, நியம நிலை. இரும்பு, Fe, திண்மம். செம்பு, Cu, திண்மம். இரசம், Hg, திரவம். அது இறுக்கி மூடிய போத்தலுக்குள். பொன், Au, திண்மம். அது அவளுடைய காப்பு.

முதல்நாள் அந்த மட்டைகளை வீட்டில் வைத்து எழுதியபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சோடியத்துக்கு ஏன் பிள்ளை Na? பொற்றாசியத்துக்கு ஏன் K?"

"அது லத்தீன் பேரப்பா."

விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று. உலோகங்களும் எங்கடை ஆக்கள்தான்.

வரிசையில் ஒரே ஒரு வெற்றிடம். காலியம், Ga, திண்மம் என்று மட்டை மட்டும் நின்றது. சாமான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. வதனியோடு படித்த சிநேகிதி கொழும்பில் இருந்து அனுப்பியிருந்தாள்.

இதில் விளையாட்டு இல்லை. வதனியின் ஆய்வுகூடத்துக்குச் சீலிங் கிடையாது. வெறும் தகரம். மத்தியானத்தில் அதற்குள் நின்றால் அப்பளம் பொரிக்க எண்ணெய் மட்டும் இருந்தால் போதும். அதற்கு முந்தின வருசம் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அவளும் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டாள். அன்றைக்குக் கல்விப் பணிப்பாளர் நேரில் வருகிறார். மேசை அவருக்குப் பிடித்தால் சீலிங் கேட்கலாம்.

"மனுசன் பிழை பிடிக்கிற ஆள் அப்பா. ஒரு மட்டை பிழைச்சாலும் சீலிங்கை மறக்கவேண்டியதுதான். நீங்கள் பெட்டியைத் திறக்காமல் கொண்டு வாங்கோ."

"ஏன் திறக்கக்கூடாது?"

"ஏன் எண்டு சொன்னால் திறப்பியள்."

சொல்லாவிட்டாலும் திறப்பேன் என்பது பிள்ளைக்குத் தெரியவில்லை.

பஸ் வந்தது. நடத்துநர் பெட்டியைத் தந்தார். "அப்பு, கவனம், உள்ளுக்கை ஐஸாம்" என்றார். ஐஸ் என்றால் உருக முதல் பார்க்கத்தானே வேண்டும்? திறந்தேன். நீல நிறத்தில் ஒரு குளிர்ப் பை, அதற்கு நடுவில் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு வெள்ளைக் காசு. வெள்ளியைவிட வடிவு. உறையையும் பிரித்துக் கையில் எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சேட்டுப் பொக்கற்றில் போட்டேன். குளிர்ப் பையை வீணாக்கக்கூடாது என்று உச்சந்தலையில் வைத்துத் துவாயால் கட்டினேன்.

என் வாழ்நாளில் அவ்வளவு சுகமாக நான் சைக்கிள் ஓடியதில்லை.

சந்தி தாண்டியதும் மயிலிட்டி யோகன் மரத்தடியில் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு, மீன் பெட்டிக்குப் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை. ஊர் முழுக்கச் சைவம். வியாபாரம் இல்லாத மனிதனுக்கு ஒரு கதையாவது சொல்லிவிட்டுப் போவோம் என்று இறங்கினேன்.

"யோகன், நல்லூர் ராசாவின்ரை காசு கண்டிருக்கிறியோ? எங்கடை கிணத்தடியிலை கிண்டேக்கை வந்தது."

"போன மாசம் உதே கிணத்தடியிலை பீரங்கி எல்லோ வந்தது?"

"அதுக்குக் கீழைதான் காசு கிடந்தது."

"காட்டுங்கோ பாப்பம்."

பொக்கற்றுக்குள் கையை விட்டேன். காசு இல்லை. விரல் மூன்றும் வெள்ளிப்பூச்சோடு வெளியே வந்தன. பொக்கற்றின் அடியில் இருந்து ஒரு துளி, மிக அழகாக, உருண்டு எட்டிப் பார்த்தது.

யோகன் கிட்ட வந்து பார்த்தான். "ராசாவுக்கு வேர்க்குதுபோலை."

உண்மையைச் சொன்னேன். இது காலியம், Ga, திண்மம், மகளுடைய உலோகம், ஆய்வுகூடத்துச் சீலிங் இதில்தான் தொங்குகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயா, ராசாவின்ரை கதையே நல்லா இருந்தது" என்றான் யோகன்.

ஆனாலும் நல்ல மனிதன். மீன் போடும் பொலித்தீன் பை ஒன்றை விரித்துப் பிடித்தான். நான் சேட்டைக் கழற்றிப் பொக்கற்றைக் கவிழ்த்துப் பிழிந்தேன். வெறும் மேலோடு, தலையில் ஐஸ் கட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மீன்காரனிடம் சேட்டுப் பிழிகிறேன். ரோட்டால் போனவர்களில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கேள்வி கேட்பதை ஊர் எப்போதோ நிற்பாட்டிவிட்டது.

பையை முடிந்து மீன் பெட்டிக்குள் ஐஸில் தாட்டோம். இரண்டு பேரும் குந்தியிருந்தோம்.

"ஐயா, முட்டை அடை வைச்ச மாதிரிக் கிடக்கு."

கொஞ்ச நேரத்தில் எடுத்தோம். இறுகியிருந்தது. ஆனால் காசாக இல்லை. கீழே கிடந்த பாரைமீனில் அமுங்கி இறுகியதால் ஒரு பக்கம் முழுக்கச் செதில் அடையாளம். மற்றப் பக்கம் வால் மாதிரி ஒரு நீட்டு. மணத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இந்த முறை அதைப் பொக்கற்றில் போடவில்லை. யோகன் தந்த ஐஸோடு தகரப் பேணி ஒன்றுக்குள் வைத்து, பள்ளிக்கூடம் வரைக்கும் மூச்சு விடாமல் மிதித்தேன்.

வதனி பேணிக்குள் பார்த்தாள்.

"அப்பா, உதென்ன வால்?"

"வாற வழியிலை கொஞ்சம் வளைஞ்சு போச்சு பிள்ளை."

"மீன் மணக்குது."

"கொழும்பிலை இருந்து வந்ததெல்லோ."

அவளுக்கு மறு கதை கதைக்க நேரம் இல்லை. வாசலில் பணிப்பாளரின் வாகனம். காலியத்தைத் துடைத்து ஒரு பீங்கான் கோப்பையில் வைத்து, வாலைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். உடனே எங்கிருந்தோ பள்ளிக்கூடத்துப் பூனை வந்து, அத்தனை உலோகத்தையும் விட்டுவிட்டு, Ga மட்டைக்கு நேர் கீழே பக்தியோடு உட்கார்ந்தது.

பணிப்பாளர் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். இரும்பில் தொடங்கினார். ஒவ்வொரு மட்டையாக வாசித்தார். அவர் செம்புக்கு வரும்போது காலியத்தின் வால் தொங்கியது. இரசத்துக்கு வரும்போது வாலைக் காணவில்லை. அதன் முன்னால் நின்று பாதரசம் என்று எழுதுவதா இரசம் என்று எழுதுவதா என்று ஒரு பிரசங்கம் செய்தார். மேலே தகரம் சூட்டில் டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் காலியம்.

"ரீச்சர், திண்மம் எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம் சேர்."

"உது ஓடுது."

கோப்பைக்குள் குளம் மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. வதனியின் முகத்தில் சீலிங் இடிந்து விழுவதை நான் பார்த்தேன்.

"நியம நிலை இருபத்தைஞ்சு பாகைக்குத்தான் சேர் சொல்லுறது" என்றாள் மெதுவாக. "காலியம் முப்பதுக்குக் கிட்ட உருகும்."

"அப்ப மட்டை பிழைதானே?"

வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

"சேர், மட்டை சரி. உது கொழும்பிலை திண்மம். பஸ்ஸிலை திண்மம். உங்கடை இந்தத் தகரத்துக்குக் கீழை வைச்ச உடனைதான் ஓடத் தொடங்கினது. உலோகமே தாங்கேல்லை. பிள்ளையள் இதுக்குள்ளை நாள் முழுக்க இருக்குதுகள்."

பணிப்பாளர் கூரையைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். லேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் வந்திருந்தது.

"சீலிங்குக்கு எழுதித் தாங்கோ ரீச்சர். நான் பாக்கிறன்."

திரும்பப் போனவர் நின்றார். மூக்கை உறிஞ்சினார். பூனையைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையிலை இஞ்சை ஏன் மீன் மணக்குது?"

வதனி வாயைத் திறக்கமுதல் நான் முந்திக்கொண்டேன். "காலியத்தின்ரை இயல்பு சேர். உருகேக்கை அப்பிடித்தான் மணக்கும்."

அவர் தலையாட்டினார். பின்னால் நின்ற உதவியாளரிடம், "குறிச்சுக்கொள்ளும்" என்றார்.

சீலிங் வந்துவிட்டது. இப்போது காலியம் மத்தியானம் வரைக்கும் திண்மமாகவே இருக்கிறதாம். போய்ப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.