மாமனாரின் இடது கை

மாமனாரின் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய கிளட்ச் ஸ்பிரிங்குகள் ஆறும் சாப்பாட்டுத் தட்டில் நின்றுகொண்டிருந்தன. மாமனார் நாலு மணிக்கு வருகிறார். இப்போது மணி பன்னிரண்டரை.

"அது நாம சாப்பிடற தட்டு," என்றாள் மனைவி.

"உயிர் போற நேரத்துல தட்டைப் பத்திப் பேசாதே!"

மாப்பிள்ளை அப்படியொன்றும் மிகைப்படுத்திவிடவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு மாமனார் அந்தப் பழைய வண்டியோடு விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அடிபட்ட வண்டியைச் சரிசெய்து, மெக்கானிக்கையே ஓட்டிவரச் சொல்லி, மாப்பிள்ளை வீட்டு ஷெட்டில் நிறுத்தினார். சொன்னது ஒன்றே ஒன்று: "யாரும் ஏறக் கூடாது."

"நான் இருக்கேன்ல மாமா," என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்ன மாப்பிள்ளை, மறுநாளே அதில் ஏறித் தம் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். ஆறு மாதமாகத் தினமும் போனார்.

முறுக்கினால் எஞ்சின் தெருவையே எழுப்பும்; வண்டி மட்டும் நிதானமாக நகரும். வயசான வண்டி இப்படித்தான் போகும் போல என்று இருந்துவிட்டார். போன வாரம் ஒரு மேட்டில் சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து முந்திக்கொண்டு போன பிறகுதான் சுருக்கென்றது. கிளட்ச் வழுக்குகிறது! உள்ளே தட்டுகளை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங்கை ஓட்டி ஓட்டித் தளரவைத்துவிட்டோம்!

உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டார்.

"அந்த மாடலா? வர பத்து நாள் ஆகும் சார். பழைய ஸ்பிரிங் நுனியில பச்சை பெயின்ட் இருக்கா?"

"நீலம் இருக்கு."

"நீலமா? அதுல நீலம் வராதே."

"பழசாகி நிறம் மாறியிருக்கும். வேற வண்டி ஸ்பிரிங்கைப் போடலாமா?"

"போடாதீங்க சார். மாடலுக்கு மாடல் பலம் வேற."

போடாதே என்று சொன்னதை விட்டுவிட்டு, பலம் வேறு என்பதை மட்டும் மாப்பிள்ளை கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஷெட்டின் மூலையில் அவருடைய சொந்த வண்டி, மூன்று வருஷமாக ஓடாத ஒரு கனத்த பழைய மாடல், சும்மாதானே நிற்கிறது?

அப்போது மாமியார் போனில் கூப்பிட்டார். குரல் கிசுகிசுவென்று இருந்தது. "மாப்பிள்ளை, வண்டி எப்படி இருக்கு? நல்லா ஓடாதுல்ல?"

"ஓடாம என்ன அத்தை? அம்பு மாதிரி பாயும்!"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. போன் நின்றது.

"உங்கம்மாவுக்கு என்மேல சந்தேகம் வந்துடுச்சு," என்றார் மாப்பிள்ளை.

கண்ணாடிச் சட்டத்தின் பொடி ஸ்பிரிங்கையே மாற்றுகிற கை என்ற தைரியத்தில், தம் வண்டியின் ஆறு ஸ்பிரிங்கையும் மாமனார் வண்டியில் மாட்டினார். கிளட்சைப் பிடித்தார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். கொஞ்சம் வந்தது.

"மணிக்கட்டு உடைஞ்ச மனுஷன் இதை எப்படிங்க பிடிப்பாரு?" என்றாள் மனைவி.

"சரி, அதுல மூணு, இதுல மூணு. கணக்கு நேராயிடும்."

மணி இரண்டரை. பலமான மூன்றையும் ஒரே பக்கமாக மாட்டினார். உள்ளே கிளட்ச் தட்டு கோணிக்கொண்டது. உதைத்துக் கிளப்பி, கிளட்சைப் பிடித்தபடியே கியரைப் போட்டார். கிளட்ச் பிடித்திருக்கும்போது வண்டி நிற்க வேண்டும். இது கிளம்பிவிட்டது. துணிக்கொடியில் காய்ந்த போர்வையை வாரிச் சுருட்டிக்கொண்டு, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டி நின்றது. முன்விளக்கில் விரிசல்.

"போர்வையை எடுத்துட்டு வாங்க," என்றாள் மனைவி.

மூன்றாம் முறை அவசர அவசரமாகக் கழற்றினார். நீல நுனி ஸ்பிரிங் இரண்டு துள்ளி, உருண்டு, சாக்கடைக்குள் போயே போய்விட்டன. மீதி நாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு வழியில்லாமல் பலமான ஆறையே திரும்ப மாட்டி, கடைசி போல்ட்டை முடுக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மாமனார் சலவைச் சட்டையில் வந்தார். இடது கையில் ஒரு ரப்பர் பந்து. ஆறு மாதமாக விரல்களுக்குப் பலம் வர அமுக்கி அமுக்கி, பந்து தேய்ந்து வழவழவென்றிருந்தது. பின்னால் பெரிய கைப்பையோடு மாமியார்.

"டாக்டர் ஓட்டலாம்னுட்டாரு மாப்பிள்ளை! இன்னிக்கு ஒரு ரவுண்டு!"

விரிசலைக் கூடக் கவனிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து கிளட்சைப் பிடித்தார். வரவில்லை. மறுபடி பிடித்தார். விரல்கள் நடுங்கின, நெற்றி வியர்த்தது. மூன்றாம் முறை பிடிக்கவே இல்லை. மெதுவாக இறங்கி, பந்தை சீட்டின் மேல் வைத்தார்.

"நீங்களே வெச்சுக்குங்க. என் கை போச்சு மாப்பிள்ளை."

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை தப்பித்துவிட்டார். வண்டியும் அவருக்கே. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் அந்தப் பந்தை எடுத்து மாமனார் கையிலேயே திரும்ப வைத்தார்.

"மாமா, உங்க கைக்கு ஒண்ணுமில்ல! இது என் வண்டி ஸ்பிரிங்!" என்று ஆரம்பித்தவர், தினமும் கடைக்குப் போனது, சைக்கிள்காரர், போர்வை, சாக்கடை என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மாமனார் முகம் முதலில் மலர்ந்தது. "அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா?"

அப்புறம் சிவந்தது.

"தினமும் ஓட்டினீங்களா? என் ஸ்பிரிங்கைத் தளர வெச்சதும் இல்லாம, சாக்கடையில வேற போட்டீங்களா? இனி அந்த ஸ்பிரிங்குக்கு நான் எங்கே போவேன்?"

மாப்பிள்ளை தலை குனிந்தார். மாமியார் ஒரு முறை தொண்டையைச் செருமினார்.

"அவரைத் திட்டாதீங்க. நீங்க மறுபடியும் ஏறி விழுந்துடக் கூடாதேன்னு மெக்கானிக்கிட்ட சொல்லி, வண்டி சரியா ஓடாதபடி வேற ஏதோ சின்ன வண்டி ஸ்பிரிங்கை மாட்ட வெச்சது நான்தான். உங்க பச்சை ஸ்பிரிங் ஆறும் ஆறு மாசமா என் தையல் பெட்டியிலதான் இருக்கு."